மார்பக அறுவை சிகிச்சை: வலி வரும் முன்னாலேயே பேசிவிடுங்கள்

எனக்குத் தொழில் தையல். கத்தரிக்கோல் பிடிப்பது வலது கை. கட்டி வந்ததும் வலது மார்பில். ஆறு வார இடைவெளியில் இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். முதல் தடவை கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, அக்குளிலிருந்து இரண்டு நெறிக்கட்டிகளைச் சோதனைக்கு எடுத்தார்கள். அறிக்கை வந்தபோது, எடுத்த சதையின் ஓரம் வரை புற்றுச் செல்கள் இருந்தன, நெறிக்கட்டியிலும் இருந்தன. அதனால் இரண்டாவது தடவை முழு மார்பையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டியதாயிற்று.

சின்ன அறுவையில்தான் நான் துடித்தேன். பெரிய அறுவை முடிந்த அன்று மாலை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இடது கையால் நானே தலை வாரிக்கொண்டேன். உடம்பு அதே உடம்பு. மாறியது வலிக்கான ஏற்பாடு. முதல் தடவை “வலித்தால் சொல்லுங்கள், மாத்திரை தருகிறோம்” என்றார்கள். வலித்தது, சொன்னேன். மாத்திரை கைக்கு வர ஐம்பது நிமிடம், அது வேலை செய்ய இன்னும் முக்கால் மணி. அதற்குள் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடையும் வலிக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது தடவை மயக்க மருத்துவர் முந்தைய நாளே வந்து உட்கார்ந்து, அரை மணி நேரம் வலியைப் பற்றி மட்டும் பேசினார்.

ஒருத்தியின் இரண்டு அனுபவத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அப்புறம் படித்ததும் மருத்துவர்களிடம் கேட்டதும் அந்த அரை மணிப் பேச்சோடு ஒத்துப்போயின. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களில் இதே நோய் வந்தவர்கள் என்னிடம் கேட்பார்கள். வாயால் சொல்லும்போது எப்போதும் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது, அதனால் எழுதிவைக்கிறேன். மாத்திரை அளவு எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் உங்கள் மருத்துவர் சொல்வதுதான் கணக்கு.

எங்கெங்கே வலிக்கும்

“வலிக்குமா?” என்று ஒட்டுமொத்தமாகக் கேட்டால் “கொஞ்சம் வலிக்கும்” என்றுதான் பதில் வரும். இடம் இடமாகக் கேளுங்கள். தைக்கும் முன் துணியில் சாக்கட்டியால் குறிக்கிற மாதிரி உடம்பில் குறித்துக்கொண்டால், எந்த இடத்துக்கு எந்த மருந்து என்பது விளங்கும்.

மார்பின் தோலுக்கும் உள்சதைக்கும் உணர்ச்சி தருகிற நரம்புகள் முதுகுத்தண்டின் பக்கத்திலிருந்து கிளம்பி, விலா எலும்புகளுக்கு இடையே வளைந்து முன்னால் வருகின்றன. வெட்டுக்காயத்தின் வலி பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போகிறது. மார்புத் தசைக்குத் தனி நரம்புகள் உண்டு. தசைக்கு அடியில் செயற்கை மார்பகம் வைத்தால் வருகிற இறுக்கமும் பிடிப்பும் அவற்றின் வேலை. அக்குள் வழியாக மேல்கையின் உட்பக்கத்துக்கு இன்னொரு நரம்பு ஓடுகிறது. நெறிக்கட்டிகளை எடுக்கும்போது அது இழுபடலாம், சில நேரம் அறுபடவும் செய்யும். அதனால்தான் மார்பில் அறுவை நடந்தவருக்குக் கையின் உட்பக்கம் மரத்துப்போகிறது, அல்லது எரிகிறது. எனக்கு இதை யாரும் முன்னால் சொல்லவில்லை. முதல் அறுவைக்குப் பிறகு கையைத் தொட்டால் வேறு யாருடைய கையையோ தொடுகிற மாதிரி இருந்தது. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று இரண்டு நாள் மனத்துக்குள்ளேயே பயந்துகொண்டிருந்தேன்.

இதுபோக, காயத்தில் சேரும் நீரை வெளியே வடிக்கிற ட்ரெயின் குழாய் தோலைத் துளைத்து வெளியே வருகிற இடம். முழு மார்பையும் எடுத்தவர்களில் நிறையப் பேர், தையல் போட்ட இடத்தைவிட இந்தச் சின்ன ஓட்டைதான் அதிகம் குத்துகிறது என்பார்கள். நானும் அந்தக் கட்சி. தொண்டையில் போட்ட குழாயால் ஒன்றிரண்டு நாள் தொண்டை கரகரக்கும். கையை அசைக்கப் பயந்து தோளைத் தூக்கியே வைத்திருப்பதால் கழுத்தும் தோள்பட்டையும் பிடித்துக்கொள்ளும். வயிற்றுச் சதையை எடுத்து மார்பகம் அமைக்கிறவர்களுக்கு வயிற்றில் தனியாக ஒரு பெரிய காயம் இருக்கும்; அதற்கும் தனி ஏற்பாடு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

அறுவைக்கு முந்தைய ஊசிகள்

இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. நிணநீர் முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டி எது என்று கண்டுபிடிக்க, முலைக்காம்பைச் சுற்றி கதிரியக்க மருந்தையோ நீலச் சாயத்தையோ ஊசியாகப் போடுவார்கள். சாயத்தைப் பெரும்பாலும் மயக்கத்தில் இருக்கும்போது போடுவதால் தெரியாது. கதிரியக்க மருந்தை விழித்திருக்கும்போதே போடுவார்கள், அது சுரீரென்று எரியும். தோலை மரக்கச் செய்யும் களிம்பை ஒரு மணி நேரம் முன்னால் தடவிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். கையால் தொட்டால் தட்டுப்படாத கட்டியாக இருந்தால், அறுவைக்கு முன் மெல்லிய கம்பி ஒன்றைச் செருகி இடத்தைக் காட்டுவதும் உண்டு. அதற்கு மரப்பு ஊசி போடுவார்கள். முழுதாக மரத்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

நீலச் சாயம் போட்டால் மறுநாள் சிறுநீர் பச்சையும் நீலமுமாகப் போகும். பயப்பட வேண்டாம். நான் பயந்தேன்.

மயக்க மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும்

அறுவை செய்கிறவரைப் பலமுறை சந்திப்போம், மயக்க மருத்துவரை ஒரே ஒரு முறைதான் பார்ப்போம். அதுவும் சில இடங்களில் அறுவைக் கூடத்து வாசலில்தான். அப்படிச் செய்கிற இடமாக இருந்தால், அறுவைக்கு நாள் குறிக்கும்போதே “மயக்க மருத்துவரை முன்கூட்டிப் பார்க்க வேண்டும்” என்று கேளுங்கள். முதல் தடவை நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே தெரியாது.

நீங்கள் சொல்ல வேண்டியவை: ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரகம், கல்லீரல், இதயக் கோளாறு, வலிப்பு, சர்க்கரை நோய். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, மன அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரை. மன அழுத்த மாத்திரையை மறைக்கவே கூடாது. டிரமடால் போன்ற சில வலி மருந்துகளோடு அது மோதும். நீலச் சாயமாக மெத்திலீன் நீலம் போடுவதாக இருந்தால் அதோடும் மோதலாம். ஏற்கெனவே தலைவலி, முதுகுவலி என்று நீண்ட நாள் வலி இருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அறுவைக்குப் பிந்தைய வலி கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு, ஏற்பாட்டையும் அதற்குத் தக்கபடி செய்வார்கள்.

பேருந்தில் போனால் வாந்தி வருமா என்று என் மருத்துவர் கேட்டார். சம்பந்தமே இல்லாத கேள்வி என்று நினைத்தேன். அறுவைக்குப் பின் வாந்தி வருமா என்று கணிக்க நான்கு விஷயம் பார்ப்பார்களாம்: பெண்ணாக இருப்பது, புகை பிடிக்காதது, பயணத்தில் குமட்டுவது அல்லது முன்பு மயக்கம் கொடுத்தபோது வாந்தி எடுத்தது, அறுவைக்குப் பின் மார்ஃபின் வகை மருந்து தேவைப்படுவது. நான்கும் இருந்தால் பத்தில் எட்டுப் பேருக்கு வரும். புதிதாகத் தைத்த மார்போடு ஓங்கரித்தால் என்ன ஆகும் என்று முதல் தடவையே அனுபவித்திருந்தேன். சாப்பிட்ட வலி மாத்திரையும் வெளியே வந்துவிடும். இரண்டாவது தடவை குமட்டலைத் தடுக்கும் இரண்டு வகை மருந்து கொடுத்தார்கள். அதில் ஒன்று டெக்ஸாமெத்தசோன், வலியையும் கொஞ்சம் குறைக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஓரிரு நாள் சர்க்கரை ஏறும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போனேன். எனக்கு நரம்பை மரக்கச் செய்யும் ஊசி உண்டா, எந்த வகை? மயக்கத்துக்கு முன்னால் போடுவீர்களா, பின்னாலா? எத்தனை மணி நேரம் தாங்கும்? அது தீரும்போது என்ன கொடுப்பீர்கள்? இரவு பதினொரு மணிக்கு வலித்தால் யாரைக் கூப்பிடுவது? கடைசிக் கேள்விக்கு அவர் சிரித்தார், ஆனால் வார்டு எண்ணை எழுதிக் கொடுத்தார்.

நரம்பை மரக்கச் செய்யும் ஊசி

என் இரண்டு அறுவைக்கும் நடுவில் இருந்த பெரிய வித்தியாசம் இந்த ஊசிதான். எல்லோரும் ப்ளாக் என்கிறார்கள். வலி மூளைக்குப் போகும் வழியிலேயே நரம்பைச் சில மணி நேரம் தூங்கவைப்பது. பியூபிவக்கெய்ன், ரோபிவக்கெய்ன் போன்ற மருந்துகளைப் பயன்படுத்துவார்கள். பொது மயக்கமும் கூடவே இருக்கும்; ப்ளாக் அதற்கு மேல் ஒரு துணை.

எனக்குப் போட்டது பாராவெர்டிபிரல் ப்ளாக். நரம்பு முதுகுத்தண்டிலிருந்து கிளம்புகிற இடத்திலேயே, அறுவை நடக்கும் பக்கத்தில் மட்டும் மருந்தைச் செலுத்துவது. கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்து, ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதுகை வளைக்கச் சொன்னார்கள். லேசான தூக்க மருந்து ஏற்கெனவே கையில் ஏறிக்கொண்டிருந்தது. முதுகில் ஜெல் தடவியபோது சில்லென்று இருந்தது. ஸ்கேன் கருவியை வைத்துத் தேடினார். முதல் ஊசி தோலுக்கு, எறும்புக்கடி மாதிரி. அப்புறம் ஆழத்தில் ஓர் அழுத்தம், பெருவிரலால் உள்ளேயிருந்து அமுக்குகிற மாதிரி. வலி என்று சொல்ல முடியாது, ஆனால் விநோதமாக இருந்தது. பத்து நிமிடம் கழித்து பனிக்கட்டியை மார்பில் வைத்து “குளிர்கிறதா?” என்றார். இடப்பக்கம் குளிர்ந்தது, வலப்பக்கம் ஏதோ படுகிறது என்பது மட்டும் தெரிந்தது. “சரி, போகலாம்” என்றார்.

விழித்தபோது என் வலது கண்ணிமை கொஞ்சம் தொங்கியிருந்தது. பக்கவாதமோ என்று என் கணவர் வெலவெலத்துப்போய் செவிலியரைக் கூப்பிட்டார். மருந்து மேல்பக்கம் கொஞ்சம் பரவினால் அப்படி ஆவதுண்டு, மருந்து தீரும்போது சரியாகிவிடும் என்று மருத்துவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார். சாயங்காலத்துக்குள் சரியாகியும் விட்டது. இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் அவர் அப்படிப் பயந்திருக்க மாட்டார். ரத்த அழுத்தம் குறைவது, மிக அரிதாக நுரையீரல் உறையில் காற்று புகுவது ஆகியவையும் இந்த ஊசியால் வரக்கூடிய தொல்லைகள். நாக்கு மரப்பு, காதில் ரீங்காரம், வாயில் உலோகச் சுவை ஆகியவை மருந்து ரத்தத்தில் அதிகம் கலந்ததற்கு அடையாளம், உடனே சொல்ல வேண்டும்.

முதுகுப்பக்கம் போடுவது எல்லோருக்கும் தோதாக இருக்காது. மார்புத் தசைகளின் அடுக்குகளுக்கு நடுவே முன்பக்கமாகப் போடும் பெக்ஸ் ப்ளாக் 2011, 2012 வாக்கில் அறிமுகமானது. மயக்கம் கொடுத்த பிறகும் போடலாம் என்பதால் நிறைய இடங்களில் இதைத்தான் செய்கிறார்கள். விலாப்பக்கத்தில் போடும் செரேட்டஸ் ப்ளாக், முதுகுத் தசைக்கு அடியில் போடும் எரெக்டர் ஸ்பைனே ப்ளாக் என்றும் உண்டு. கட்டியை மட்டும் எடுக்கும் சின்ன அறுவைக்கு, அறுவை செய்கிறவரே காயத்தைச் சுற்றி மரப்பு மருந்து போடுவதோடு மாத்திரையும் சேர்ந்தால் பலருக்குப் போதும். என் முதல் அறுவையில் அதுகூடப் போட்டதாகத் தெரியவில்லை. ‘ப்ராஸ்பெக்ட்’ என்ற பன்னாட்டு மருத்துவர் குழு 2020இல் வெளியிட்ட பரிந்துரையில், பெரிய மார்பக அறுவைக்கு முதல் தேர்வு பாராவெர்டிபிரல், அதற்கு மாற்று பெக்ஸ். ஆனால் நான் ஒன்று சொல்வேன்: எந்த ப்ளாக் என்பதைவிட, உங்கள் மருத்துவர் எதை அடிக்கடி செய்து பழகியிருக்கிறார் என்று கேளுங்கள்.

ப்ளாக் போட்டால் புற்றுநோய் திரும்ப வராது என்று ஒரு பேச்சு உலவுகிறது. என்னிடமும் ஒருவர் சொன்னார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2019இல் வெளியானது. ப்ளாக் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லை. ஆகவே ப்ளாக் கிடைக்காதவர்கள் அதை நினைத்துக் கலங்க வேண்டாம். அது முதல் நாள் வலிக்கானது.

அந்த முதல் நாள் எப்போது முடிகிறது என்பதில்தான் சூட்சுமம். ஒருமுறை போட்ட ஊசி ஒரு நாள்வரைகூடத் தாங்கலாம், சிலருக்குப் பாதி நாள்தான். எனக்குப் பதினாறு மணி நேரம். விடியற்காலை மூன்று மணிக்கு, துணியிலிருந்து ஈரம் காய்கிற மாதிரி ஓரத்திலிருந்து உணர்ச்சி திரும்பியது. முதலில் குறுகுறுப்பு, அப்புறம் சூடு, அப்புறம் வலி. வலிக்கவே இல்லையே என்று அதுவரை மாத்திரையைத் தள்ளிப்போட்டவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். என் மருத்துவர் எச்சரித்திருந்தபடி படுக்கப்போகும்போதே மாத்திரையைச் சாப்பிட்டிருந்தேன். வலி பத்துக்கு நாலில் நின்றுவிட்டது.

மாத்திரைக்குக் கடிகாரம்தான் எஜமான்

அடித்தளம் பாராசிட்டமால். சாதாரணக் காய்ச்சல் மாத்திரைதானே என்று இளக்காரம் வேண்டாம். நல்ல எடையும் ஆரோக்கியமான கல்லீரலும் உள்ள பெரியவர்களுக்கு வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம், ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. எடை 50 கிலோவுக்குக் குறைவென்றாலும் கல்லீரல் கோளாறு இருந்தாலும் அளவு குறையும். வலித்தாலும் வலிக்காவிட்டாலும் முதல் சில நாள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

இதில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் நாள் சளி பிடித்தது. வீட்டில் இருந்த சளி மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அட்டையைத் திருப்பிப் படித்தபோதுதான் அதற்குள்ளேயும் பாராசிட்டமால் இருப்பது தெரிந்தது. டிரமடாலோடு பாராசிட்டமாலைச் சேர்த்து ஒரே மாத்திரையாகவும் விற்கிறார்கள். அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் சேர்க்காதீர்கள்.

பாராசிட்டமாலோடு இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், செலகாக்ஸிப் வகையில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் இரண்டும் தனித்தனி வழியில் வேலை செய்யும், மார்ஃபின் வகை குறைவாகத் தேவைப்படும். ஒன்றுதான், இந்த வகையில் இரண்டைச் சேர்க்கக் கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, சில இதயக் கோளாறுகள், ரத்தம் உறையாமைக்கான மருந்து ஆகியவை இருந்தால் தவிர்க்கச் சொல்வார்கள். சில ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சு இழுக்கும். வெறும் வயிற்றில் வேண்டாம். ரத்தக் கசிவுக்குப் பயந்து அறுவை செய்கிறவர் முதல் நாள் தராமல் இருக்கலாம். ரத்தத் தட்டுகளைத் தொந்தரவு செய்யாத வகை செலகாக்ஸிப் என்பதால் அதைத் தரலாமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

மார்ஃபின், ஆக்ஸிகோடோன், டாபெண்டடால், டிரமடால் ஆகியவை கையிருப்பில் வைக்கிற மருந்து. அடித்தளம் தாங்காதபோது களத்தில் இறக்க வேண்டும். அடிமையாகிவிடுவோம் என்று பயந்து வலியில் புரளுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், நாலு நாளுக்கு வாங்கியதை நாலு வாரம் சாப்பிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அளவோடு, சில நாள் மட்டும் என்றால் பயம் தேவையில்லை. ஆனால் முதல் மாத்திரையோடே மலச்சிக்கலுக்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். முக்கும்போது மார்புத் தையல் இழுக்கிற வலி ஒரு தனி ரகம். தூக்க மாத்திரை, மது இவற்றோடு சேரவே கூடாது. வண்டி ஓட்டக் கூடாது. பொத்தானை அழுத்தினால் தானாக மருந்து ஏறுகிற பம்ப் வைத்தால், அழுத்துவது நோயாளி மட்டும்தான். “பாவம், தூங்குகிறாளே” என்று கூட இருப்பவர் அழுத்தினால் மூச்சுக்கே ஆபத்து. தூக்கம் வந்தால் கை பொத்தானை விட்டுவிடும், அதுதான் அந்தப் பம்பில் இருக்கும் காவல்.

கபாபென்டின், பிரீகாபலின் தருவதில் மருத்துவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அறுவைக்கு முன் ஒரு வேளை கொடுப்பவர்கள் உண்டு. தலைசுற்றலும் அசதியும் வரும், வயதானவர்களுக்கு மார்ஃபினோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம். எனக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

தையல் அளவு எழுதுகிற நோட்டில் கடைசிப் பக்கத்தில் நான்கு கட்டம் போட்டேன்: நேரம், மாத்திரை, சாப்பிடும் முன் வலி எத்தனை, ஒரு மணி கழித்து எத்தனை. பத்துக்கு எத்தனை என்பதைச் சும்மா படுத்திருக்கும்போது கணக்கிடாதீர்கள். இருமிப் பாருங்கள், கையைத் தோள் உயரம் வரை தூக்கிப் பாருங்கள், அப்போது எத்தனை என்று எழுதுங்கள். “வலிக்கிறது” என்று சொன்னபோது தலையாட்டிய செவிலியர், “வலி ஏழு, இருமக்கூட முடியவில்லை” என்றதும் மருத்துவரை அழைத்தார்.

தலையணையும் பையும்

இது என் துறை. அக்குளில் வைக்க ஒரு சின்னத் தலையணை தைத்துக்கொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் அகலம், ஒரு நீள்பக்கத்தில் அக்குளுக்குப் பொருந்துகிற மாதிரி லேசான குழிவு. மெல்லிய பருத்தித் துணி, பஞ்சைத் திணித்து இறுக்காதீர்கள், கையால் அழுத்தினால் பாதியாக அமுங்க வேண்டும். கையை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளிவைப்பதுதான் இதன் வேலை. தையலில் கை உரசாது, தோளும் தூக்கிக்கொண்டே இருக்காது. காரில் போகும்போது இருக்கைப் பட்டைக்கு அடியிலும், இருமும்போது மார்பின் மேலும் வைத்து அழுத்திக்கொள்ளலாம். விளிம்புத் தையல் தோலில் படாதபடி உள்ளே மடித்துத் தையுங்கள்.

ட்ரெயின் குழாயில் தொங்குகிற புட்டியின் கனம் அந்த ஓட்டையை இழுத்துக்கொண்டே இருக்கும். கழுத்தில் மாட்டுகிற நாடா வைத்த ஒரு பை போதும், புட்டியை அதில் போட்டால் பாதி வலி குறையும். 24 மணி நேரத்தில் வடியும் நீர் ஏறக்குறைய 30 மில்லிக்குக் கீழே வந்ததும் பல மருத்துவர்கள் குழாயை எடுத்துவிடுவார்கள். உருவும்போது சுருக்கென்று இருக்கும்; அரை மணி முன்னால் மாத்திரை போட்டுக்கொண்டு போங்கள், உருவும்போது மூச்சை மெல்ல வெளியே விடுங்கள். சட்டை முன்பக்கம் முழுக்கத் திறப்பதாக இருக்கட்டும், கைக்குழி தாராளமாக.

மரத்த இடத்தில் வெந்நீர்ப் பையும் பனிக்கட்டியும் வேண்டவே வேண்டாம். சுடுவதும் உறைவதும் உங்களுக்குத் தெரியாது, தோல் கொப்பளித்த பிறகுதான் தெரியும்.

கையை ஆட்டாமல் வைத்தால் வலிக்காது என்று தோன்றும். தோள் உறைந்துபோனால் அந்த வலிக்கு முன்னால் அறுவை வலி ஒன்றுமே இல்லை. மருத்துவர் தடுக்காவிட்டால் மறுநாளிலிருந்தே விரலை மூடித் திறப்பது, முழங்கையை மடக்குவது, தோளைச் சுழற்றுவது. முதல் வாரம் தோள் உயரத்துக்கு மேல் வேண்டாம். அப்புறம் பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி சுவரில் விரலால் ஏறுவது. பயிற்சிக்கு முக்கால் மணி முன்னால் மாத்திரை விழுகிற மாதிரி நேரத்தை அமைத்துக்கொண்டேன்.

வாரங்கள் கழித்து வருகிறவை

நான்காவது வாரம் துணியை விரித்து வெட்டக் கையை நீட்டினேன். அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கு அடியில் கயிறு மாதிரி ஒன்று விறைத்து நின்றது. தையலில் நூலை அதிகமாக இழுத்தால் துணி சுருங்குமே, அச்சு அசல் அப்படி. நெறிக்கட்டி எடுத்தவர்களுக்கு இது வருவதுண்டு. புற்றுநோய் திரும்பியதன் அடையாளம் கிடையாது. பிசியோதெரபிஸ்ட் மெல்ல நீவியும் நீட்டியும் இரண்டு மாதத்தில் சரிசெய்தார்.

மூன்று மாதம் கடந்தும் எரிச்சல், மின்சாரம் பாய்கிற மாதிரி சுரீர், சட்டை பட்டாலே வலி என்று இருந்தால் அது நரம்பு வலி. டென்மார்க்கில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை முடிந்து இரண்டு மூன்று ஆண்டு ஆன பிறகும் 47 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வலி இருந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு அது லேசானது. இளவயதினர், அக்குள் முழுவதும் எடுத்தவர்கள், கதிர்வீச்சு பெற்றவர்கள், அறுவைக்குப் பின் கடும் வலி பட்டவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். எடுத்த மார்பு இன்னும் இருக்கிற மாதிரி அரிப்பதும் வலிப்பதும் உண்டு. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று எண்ண வேண்டாம்.

இந்த வலிக்குப் பாராசிட்டமால் பெரிதாக உதவாது. பிரீகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின், டுலாக்செடின், காயம் ஆறிய தோலில் ஒட்டும் லிடோகெய்ன் பட்டை என்று வேறு வரிசை இருக்கிறது. வலி நிவாரணப் பிரிவு இருக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள். டாமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: டாமாக்சிஃபெனை உடம்பு வீரியமுள்ள மருந்தாக மாற்ற ஒரு கல்லீரல் நொதி வேண்டும். பராக்செடின், ஃப்ளூவோக்செடின் அந்த நொதியைப் பலமாக முடக்கும், டுலாக்செடின் ஓரளவு முடக்கும். வெவ்வேறு மருத்துவர்கள் எழுதிய சீட்டுகளை ஒருவரிடமே காட்டி ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். நான் காட்டியபோது ஒரு மருந்தை மாற்றினார்கள்.

ஒரு பக்கம் திடீரென உப்பி, இறுகி, மாத்திரைக்கு அடங்காமல் வலி கூடினால் உள்ளே ரத்தம் சேர்கிறது என்று பொருள், மணி பார்க்காமல் கிளம்புங்கள். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், காயத்தைச் சுற்றிச் சிவப்பு, சீழ். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவற்றுக்கும் இதேதான். இவற்றை மாத்திரையால் அமுக்கிவைக்கக் கூடாது.

கதிர்வீச்சு இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. படுக்கவைத்து, கையைத் தலைக்கு மேலே ஒரு தாங்கியில் வைத்து, அசையாமல் இருக்கச் சொல்வார்கள். கை அந்த உயரத்துக்குப் போகாவிட்டால் சிகிச்சையே தள்ளிப்போகும். திட்டமிடும் ஸ்கேனுக்கு இரண்டு வாரம் முன்னாலிருந்தே வீட்டில் படுத்து அந்த நிலையைப் பழகிப்பாருங்கள். நான் கட்டிலில் படுத்து, தலைக்கு மேலே இரண்டு தலையணையை அடுக்கி அதன்மேல் கையைக் கிடத்துவேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை தலையணையைக் கொஞ்சம் தட்டையாக்குவேன். முதல் நாள் நாற்பது எண்ணும் வரைதான் தாங்கியது. ஸ்கேனுக்குப் போன அன்று, வழக்கம்போல முக்கால் மணி முன்னால் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு போனேன், பதினைந்து நிமிடம் கிடந்தேன்.